பதினெட்டு வயதில் வரும் பங்கு: வாரிசுச் சொத்தும் குடும்ப நல உதவியும்

குடும்பத் தலைவர் காலமாகி ஓராண்டு கழிந்த ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். பெட்டாலிங் ஜெயாவில், தாமான் மேடான் பக்கத்து மலிவுவிலை அடுக்ககம் ஒன்றின் நான்காம் மாடி. மேசைமேல் இரண்டு கடிதங்கள் கிடக்கின்றன. ஒன்று, மறைந்தவரின் ஊழியர் சேமநிதிப் பணம் குறித்தது. மற்றொன்று, பிள்ளைகளுக்காகத் தாய் பெற்றுவரும் சமூக நலத்துறை மாத உதவியின் மறுஆய்வு குறித்தது. மூத்த மகளுக்கு வயது 19. முதற்கடிதம் சொல்லும் பணத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. தாய் கேட்கும் கேள்வி ஒன்றே: “இவள் அந்தப் பணத்தை வாங்கினால் எனக்கு வருவது நின்றுவிடுமா?”

இது கற்பனைக் குடும்பம். கேள்வி கற்பனை அன்று. இக்கேள்வி வழக்கறிஞரிடம் போவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுகிறது. ஏழை மாணவர் அறக்கட்டளை நிதிக்கும் கூடுதல் உணவுத் திட்டத்துக்கும் படிவம் நிரப்பும்போது, குடும்ப வருமானம் கேட்கும் கட்டத்தில் தாய்மாரின் பேனா தயங்கி நிற்பதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். 14 வயது மாணவனின் படிவத்தில் அவன் அக்காளுக்கு வந்த பங்கை எழுதவேண்டுமா, வேண்டாமா? விடை தெரியாத இடத்தில் மக்கள் பெரும்பாலும் எதையும் தொடாமல் விட்டுவிடுகின்றனர். சேமநிதிப் பணம் கோரப்படாமல் கிடக்கிறது. வீடு ஆண்டுக்கணக்கில் இறந்தவர் பெயரிலேயே இருக்கிறது. உதவி நின்றுபோவதால் வரும் இழப்பைவிட, நின்றுபோகுமோ என்ற அச்சத்தால் வரும் இழப்பே பெரிது என்பது நம் கருத்து.

விடையை முன்னரே சொல்லிவிடலாம். வாரிசுப் பணம் ஒரே தொகையாக வந்து சேர்ந்தது என்ற காரணத்தால் மட்டும் ஒரு குடும்பத்தின் உதவி நிற்கவேண்டும் என்று மலேசியாவின் பொதுவான உதவித் திட்டங்கள் விதிக்கவில்லை. அவை கேட்பது மாத வருமானத்தையே. வங்கியில் இருப்பு எவ்வளவு என்று உச்சவரம்பு வைத்துக் கேட்பதில்லை. ஆயினும் அப்பணம் வருமானமாக உருமாறும் வழிகள் உண்டு. அவ்வழிகளை அறியாமல் நடந்தால் உதவி குறையக்கூடும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: பங்கு கைக்கு வரும் அதே வயதில் வேறு காரணத்தால் உதவி குறைகிறது, பழி மட்டும் பங்கின்மேல் விழுகிறது.

இக்குழப்பம் நம்மவர்க்கு ஏன் புதிதாக இருக்கிறது என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். இன்று பண்டார் உத்தாமா என்று விளங்கும் நகர்ப்பகுதி எஃபிங்காம் தோட்டமாக இருந்தது. கிளானா ஜெயாவின் சீபோர்ட் தமிழ்ப்பள்ளி ஒரு தோட்டத்தின் பெயரை இன்னும் சுமந்து நிற்கிறது. தோட்டத்து லயத்து வீடு நிருவாகத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போயிற்று. ஒரு பால்மரத் தொழிலாளி பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றவை பாத்திர பண்டங்கள், சிறிது நகை, மிஞ்சினால் ஒரு மிதிவண்டி. 1951 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த ஊழியர் சேமநிதி ஏற்பாடுதான் அத்தகைய குடும்பங்களில் பலவற்றுக்குப் பங்கு பிரிக்கத்தக்க முதற்சொத்தைத் தந்தது எனலாம். மலிவுவிலை வீடு அதன் பின்னர் வந்தது. பரம்பரையாக வரும் உடைமையைக் குறிக்கத் தமிழில் ‘தாயம்’ என்ற பழஞ்சொல் இருந்தது. ‘தாயாதி’ அதன் வழியில் வந்ததே. இன்றைய இளையோர் தாயம் என்றால் பகடையில் விழும் ஒன்றைத்தான் அறிவர். நாம் இப்பொழுது வழங்கும் ‘வாரிசு’ அரபு மொழியிலிருந்து வந்தது. மலாய்ப் படிவங்களில் காணும் ‘வாரிஸ்’ என்பதும் அதே சொல்தான். படிவத்தில் நமக்கு அந்நியமாகத் தோன்றாத ஒரே சொல் அதுவாகவே இருக்கக்கூடும்.

உண்மையில் கவனிக்கவேண்டிய சொல் ‘இசி ரூமா’. வீட்டின் உள்ளீடு என்பது அதன் நேர்ப்பொருள். வீட்டார் என்று நாம் கொள்ளலாம். உதவி கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இச்சொல்லின் எல்லையைப் பொறுத்தவை. இடர் என்னவெனில், எல்லாத் திட்டங்களும் வீட்டாரை ஒரே கோட்டுக்குள் அடைப்பதில்லை. எஸ்.டி.ஆர். எனப்படும் ரஹ்மா ரொக்க உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் என்பது கணவன் மனைவியின் வருமானம். வளர்ந்த பிள்ளை அக்கணக்கில் இல்லை. 21 வயதானபின் அவர் தனிநபராகத் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். ஆகவே 19 வயது மகளுக்கு எவ்வளவு பங்கு வந்தாலும் தாயின் எஸ்.டி.ஆர். தகுதி அதனால் மாறுவதில்லை.

சமூக நலத்துறையின் கணக்கு வேறு. 1946இல் தொடங்கப்பட்ட அத்துறை, ஜேகேஎம் 18 என்ற படிவத்தைப் பெற்று, அதிகாரி ஒருவரை வீட்டுக்கு அனுப்பி நிலைமையை ஆராய்ந்த பின்னரே முடிவு செய்கிறது. குழந்தைகளுக்கான உதவிக்குக் குடும்பத்தின் மாத வருமான வரம்பாக அது கொண்டிருப்பது 1,169 ரிங்கிட். இங்கே வீட்டார் என்போர் அக்கூரையின்கீழ் ஒன்றாக வாழ்வோர். உழைக்கும் பிள்ளைகள் தாய்க்குக் கொடுக்கும் மாதப்பணமும் கேட்டறியப்படும். விதி வருமானத்தைப் பற்றியதுதான் என்றாலும், வீட்டுக்கு வரும் அதிகாரிக்கு இரு கண்களும் உண்டு. புதிய காரொன்று வாசலில் நின்றால் அவர் அதைப் பற்றிக் கேட்கத்தான் செய்வார். இந்த மதிப்பீட்டுச் சுதந்தரத்தைக் குறையென்று சிலர் கூறுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எண்களால் மட்டும் தீர்க்கும் முறையில் விளக்கம் சொல்ல வாய்ப்பே இல்லை, இங்கே விளக்கலாம். ஆனால் விளக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

இனி அந்த நான்காம் மாடி வீட்டுக்குத் திரும்புவோம். மறைந்தவர் உயில் எழுதவில்லை. சேமநிதியில் எவரையும் நியமிக்கவும் இல்லை. விட்டுச் சென்றது சேமநிதியில் 120,000 ரிங்கிட், கடனில்லாத அந்த வீடு, வீட்டின் மதிப்பு 90,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, மூன்று பிள்ளைகள், மறைந்தவரின் தாய் ஆகியோர் உள்ளனர். பிள்ளைகளுக்கு 19, 14, 5 வயது. முஸ்லிம் அல்லாதோர்க்கு 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு இங்கே வழிகாட்டுகிறது. மனைவிக்குக் கால் பங்கு. பெற்றோர்க்குக் கால் பங்கு, இங்கே அது பாட்டி ஒருவருக்கே போகிறது. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. எனவே பணத்தில் தாய்க்கு 30,000, பாட்டிக்கு 30,000, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 20,000. வீட்டிலோ பிள்ளை ஒருவருக்கு ஆறில் ஒரு பங்கு. ஆண் பெண் வேறுபாடு சட்டத்தில் இல்லை. மரபுரிமை வரியும் இல்லை. நாட்டில் இருந்துவந்த அந்த வரி 1991இல் நீக்கப்பட்டது.

‘எல்லாம் அம்மாவுக்குத்தானே’ என்று எண்ணியிருந்தவர்களுக்கு முதல் அதிர்ச்சி இங்கேதான். பாட்டியின் கால் பங்கைக் கேட்டு மருமகள் மனம் கசந்து போவதும் உண்டு. ஆனால் மகனை இழந்த முதியவளுக்கும் பசிக்கும் அல்லவா?

14 வயது, 5 வயதுப் பிள்ளைகளின் 40,000 ரிங்கிட் அவர்கள் கையிலோ தாயின் கையிலோ நேரே வருவதில்லை. அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை அது அறங்காப்பில் இருக்கும். அமானா ராயா நிறுவனம் காப்பாளராக இருப்பின், பிள்ளையின் கல்வி, பராமரிப்பு ஆகியவற்றுக்காக இடையில் பணம் கேட்டு விண்ணப்பிக்க வழியுண்டு. இத்தகைய காப்புப் பணத்தைக் குடும்ப வருமானமாக எண்ணி அஞ்சவேண்டியதில்லை. அது பிள்ளையின் சொத்து. தாயின் சம்பளம் அன்று.

19 வயதுடையவள் நிலை வேறு. 1971ஆம் ஆண்டு வயதுவந்தோர் சட்டப்படி 18 வயதில் அவள் முழு உரிமை பெற்றவள். 20,000 ரிங்கிட் அவள் பெயருக்கே வரும். எவருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. இந்த வயதெல்லைகள் நம்மைத் திகைக்க வைப்பவை. 18 வயதில் வாக்களிக்கலாம், நிலம் வாங்கலாம், வந்த பங்கை வேண்டாம் என்றும் சொல்லலாம். பெற்றோர் சம்மதமின்றித் திருமணம் செய்துகொள்ள மட்டும் 21 வரை காத்திருக்கவேண்டும்.

உதவி குறைவதற்கு உண்மையான காரணமும் இந்த வயதெல்லைகளில்தான் ஒளிந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட விகிதப்படி, சமூக நலத்துறையின் குழந்தை உதவி 6 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கு மாதம் 250 ரிங்கிட். 7 முதல் 18 வயதுவரை 200 ரிங்கிட். ஒரு குடும்பத்துக்கு மிகுதியாக 1,000 ரிங்கிட். மகள் பள்ளியில் இருந்தபோது இவ்வீட்டுக்கு 650 ரிங்கிட் வந்திருக்கும். அவள் வயது தாண்டியதும் 450 ஆகிறது. ஆண்டுக்கு 2,400 ரிங்கிட் குறைவு. சேமநிதிப் பங்கு வந்ததும் ஏறத்தாழ அதே வேளையில் என்பதால், ‘பணத்தை வாங்கினோம், உதவியைக் குறைத்துவிட்டார்கள்’ என்று அக்கம்பக்கத்தில் பேச்சு பரவும். அடுத்த வீட்டார் அதைக் கேட்டுத் தம் பங்கைக் கோராமலே விட்டுவிடுவர். குறைத்தது பணம் அன்று, பிறந்தநாள்.

இப்பொழுது மாத வருமானத்தைப் பார்ப்போம். தாய் வீட்டிலிருந்தே தையல்வேலை செய்து மாதம் 900 ரிங்கிட் ஈட்டுகிறார் எனக் கொள்வோம், வரம்புக்குக் கீழ். மகளின் 20,000 ரிங்கிட் வங்கியில் இருக்கும்வரை இந்த 900 மாறுவதில்லை. மகள் அதிலிருந்து ஒருமுறை எடுத்துத் தம்பியின் மருத்துவச் செலவைத் தீர்த்தாலும், ஒழுகும் குளியலறையைச் செப்பனிட்டாலும் அது மாத வருமானம் ஆகாது. மாதந்தோறும் 500 ரிங்கிட் என்று முறையாகத் தாய் கையில் கொடுத்துவந்தால், அதிகாரி அதைப் பிள்ளை தரும் மாதப்பணமாகவே கொள்வார். 900 என்பது 1,400 ஆகிவிடும். வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டாலும் அவ்வாறே. பணம் எவ்வளவு என்பதைவிட அது எந்த வேகத்தில் பாய்கிறது என்பதே கணக்கை மாற்றுகிறது. இதைச் சொல்வது, கொடுப்பதை மறைக்கவேண்டும் என்பதற்காக அன்று. மாதப்பணம் கொடுக்கும் வசதி உண்மையிலேயே இருந்தால் அதைச் சொல்லத்தான் வேண்டும். எது வருமானம், எது வருமானம் அன்று எனத் தெரிந்தபின் சொல்வது நல்லது.

தவறாமல் மறக்கப்படும் ஒன்று சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழைத்திருப்போர் ஓய்வூதியம். தகுதியிருந்தால் அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு. ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைக்கு 21 வயதுவரை அல்லது திருமணம்வரை. உயர்கல்வியில் இருந்தால் முதற்பட்டம் முடியும்வரை. ஓய்வூதியம் மாதம் 1,000 ரிங்கிட் என்றால் தாய்க்கு 600, பிள்ளைகள் மூவர்க்கும் சேர்த்து 400. இது சொத்து வாரிசுரிமை அன்று, காப்புறுதி. குடும்பத்தின் வறுமையைப் பார்த்து இது தரப்படுவதும் இல்லை. கோடீசுவரர் குடும்பத்துக்கும் உரியது. ஆனால் மாதந்தோறும் வருவதால் சமூக நலத்துறைக் கணக்கில் இதற்கே கனம் மிகுதி. தையல் வருமானம் 900, ஓய்வூதியம் 1,000 என்று 1,900 ஆகிவிட்ட வீட்டில் 450 ரிங்கிட் உதவி நிறுத்தப்பட்டால், அதற்கு மகளின் சேமநிதிப் பங்கைக் குறைசொல்வது பொருந்தாது. அத்துடன், 450 போனாலும் 1,000 வந்திருக்கிறது என்பதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்லவேண்டும். நின்ற உதவியின் ஓசை பெரிது. வந்த ஓய்வூதியம் ஓசையின்றி வருகிறது.

பணத்தைவிட வீடே சிக்கலானது. இதை எவரும் அம்மகளுக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகப் பேசவேண்டியுள்ளது. முதன்முதலாக வீடு வாங்குவோர்க்கு, 500,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத வீட்டுக்கு, அரசு முத்திரைவரி விலக்கு அளித்துவருகிறது. அதன் நிபந்தனை, விண்ணப்பிப்பவர் இதற்குமுன் குடியிருப்பு வீடு எதற்கும் உரிமையாளராக இருந்திருக்கக்கூடாது என்பது. மரபுரிமையாகவோ அன்பளிப்பாகவோ வந்த வீடும், தனியாகவோ கூட்டாகவோ வைத்திருந்த வீடும் அதில் அடங்கும் என்று ஆணையிலேயே எழுதப்பட்டுள்ளது. நம் மகளின் ஆறில் ஒரு பங்கின் மதிப்பு 15,000 ரிங்கிட். நில அலுவலகத்தில் அவள் பெயர் பதிவாகிய நாளிலிருந்து அவள் ‘வீட்டுக்காரி’. முப்பது வயதில் அவள் 300,000 ரிங்கிட்டுக்கு ஒரு வீடு வாங்க முனைந்தால் உரிமை மாற்றத்துக்கான முத்திரைவரி 5,000 ரிங்கிட். கடன் பத்திரத்துக்கு உரியது தனி. விலக்கு அவளுக்குக் கிடைக்காது. சொந்த வீடு இல்லாதோர்க்கு என்று ஒதுக்கப்படும் மலிவுவிலை, கட்டுப்படியான விலை வீட்டுத் திட்டங்களிலும் அவள் பெயர் பின்தள்ளப்படலாம். குடும்பத்துக்கு வரும் உதவியை அவள் பங்கு தொடவில்லை. அவளுக்கு வரவிருந்த சலுகையைத் தொட்டுவிட்டது.

இதற்கு வழியில்லாமல் இல்லை. வயது வந்த வாரிசு தம் உரிமையை மற்றொரு வாரிசுக்கு, எடுத்துக்காட்டாகத் தாய்க்கு, விட்டுக்கொடுக்கலாம். 2024 ஜனவரி முதல் இவ்வாறான உரிமை மாற்றத்துக்கு முத்திரைவரி 10 ரிங்கிட் மட்டுமே. நிலமோ வீடோ உள்ள சிறு சொத்துகளைப் பகிர்ந்தளிக்கும் விசாரணையில் இதைத் தெரிவிக்கலாம். 50 லட்சம் ரிங்கிட் வரையிலான சொத்துகள் இப்பொழுது அம்முறையில் அடங்கும். 14 வயது, 5 வயதுப் பிள்ளைகளின் பங்கை மட்டும் எவரும் விட்டுக்கொடுக்க இயலாது. தாய்க்கும் அவ்வுரிமை இல்லை.

ஆயினும் ‘விட்டுக்கொடு’ என்ற சொல்லை நம் குடும்பங்களில் யார் யாரிடம் சொல்கிறோம் என்பதையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் மகளிடம்தான் சொல்கிறோம். ‘தம்பிக்குத்தானே’, ‘நீ நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகிறவள்’ என்று. சட்டம் சமமாகக் கொடுத்ததைச் சம்பிரதாயம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. மேற்சொன்ன கணக்கைப் பார்த்து, தாய்க்கு வீடு உறுதியாகட்டும், தன் சலுகையும் நிலைக்கட்டும் என்று அவளே தீர்மானித்தால் அது வேறு. கணக்கைக் காட்டாமல் கையெழுத்து வாங்கினால் அது வேறு. இரண்டுக்கும் படிவம் ஒன்றுதான்.

இவ்வளவும் நியமனம் இல்லாதபோது. நியமனம் இருந்தால் கதை மாறும். சேமநிதிப் படிவத்தில் நியமிக்கப்பட்டவரை மலாயில் ‘பெனாமா’ என்பர். தமிழ்ச் செவிக்கு அது ‘பினாமி’ போல ஒலிக்கும். ‘பெயர்’ என்னும் பொருளுடைய ‘நாமம்’ இரண்டிலும் உள்ளுறைவதும் உண்மையே. பொருளிலோ பெருத்த வேறுபாடு. முஸ்லிம் உறுப்பினரின் பெனாமா பணத்தைப் பெற்று உரிய வாரிசுகளுக்குப் பகிர்ந்தளிக்கக் கடமைப்பட்டவர். முஸ்லிம் அல்லாத உறுப்பினரின் பெனாமா அப்பணத்துக்கே உரிமையாளர். மறைந்தவர் முதற்பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில் அவள் ஒருத்தியை மட்டும் நியமித்துவிட்டு, பின் பிறந்தவர்களைச் சேர்க்க மறந்திருந்தால், 120,000 ரிங்கிட்டும் 19 வயது மகளுக்கே. தாயும் தம்பியரும் பாட்டியும் சட்டப்படி எதையும் கேட்க இயலாது. தாய் சமூக நலத்துறைக்கு விண்ணப்பிக்கையில், ஒரே கூரையின்கீழ் ஒரு பெண்ணிடம் ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பதை அதிகாரி அறிந்தால் ‘மகள் உதவுகிறாளா’ என்று கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு உரிய விடையை அக்குடும்பம்தான் முடிவு செய்யவேண்டும். சட்டம் அதில் தலையிடுவதில்லை. பிறந்தநாளுக்குக் கேக் வாங்கும் தந்தையர் அதே நாளில் சேமநிதி நியமனத்தையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

நியமனம் கைகொடுக்கும் இடமும் ஒன்றுண்டு. பகிர்வுச் சட்டம் ‘பிள்ளை’ என்று சொல்வது சட்டப்படியான திருமணத்தில் பிறந்த பிள்ளையையும் முறைப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளையையுமே. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் பதிவு செய்யப்படவேண்டும். கோயிலில் தாலி கட்டி, உற்றார் வாழ்த்த, பதிவு செய்யாமலே இருபது ஆண்டு வாழ்ந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். அத்தகைய வீட்டில் தந்தை உயிலின்றி இறந்தால் மனைவிக்கும் பிள்ளைக்கும் பகிர்வுச் சட்டத்தில் இடம் கிடைப்பது அரிது. அவருடைய பெற்றோர்க்கோ, அவர்கள் இல்லையெனில் உடன்பிறந்தோர்க்கோ சொத்து போய்விடும். நியமனம் செய்திருந்தால் சேமநிதியாவது பிள்ளைக்கு வந்து சேரும். இவ்வீடுகளுக்கே நல உதவி மிகவும் வேண்டியிருக்கிறது என்பது கசப்பான முரண்.

உடற்குறையோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள பிள்ளை 18 வயதை எட்டும்போது இன்னொரு கணக்கும் தொடங்குகிறது. வேலை செய்ய இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி அவர் பெயரிலேயே வருகிறது. அவருக்கு வரும் பங்கை மொத்தமாக அவர் வங்கிக் கணக்கில் போடுவதைவிட, பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அறங்காப்பு ஒன்றை ஏற்படுத்தி, அவர் செலவுக்கு வேண்டியதைக் காப்பாளர் வழங்குமாறு எழுதிவைப்பது நல்லது. சிங்கப்பூரில் இதற்கென்றே சிறப்புத் தேவையுடையோர் அறங்காப்பு நிறுவனம் இயங்குகிறது. இங்கே அமானா ராயாவையோ தனியார் அறங்காப்பு நிறுவனத்தையோ நாடவேண்டும்.

நம் முறையின் தன்மை பிற நாடுகளோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். பிரிட்டனில் சேமிப்பே அளவுகோல். கையிருப்பு 6,000 பவுண்டுவரை இருந்தால் தடையில்லை; அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு வருமானம் வருவதாகக் கணக்கிட்டு உதவியைக் குறைப்பர். 16,000 பவுண்டைத் தாண்டினால் உதவி முற்றிலும் நிற்கும். உதவிக்காகவே பணத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டால் அது இன்னும் கையில் இருப்பதாகவே கொள்வர். ஆயினும் பிள்ளையின் சொந்தப் பணத்தைப் பெற்றோர் கணக்கில் சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் முதியோர், உடற்குறையுற்றோர்க்கான உதவிக்குத் தனிநபர் கையிருப்பு வரம்பு 2,000 டாலர். 1989இலிருந்து அது உயர்த்தப்படவே இல்லை. இணையத்தில் இந்நாட்டு விளக்கங்களைப் படித்துவிட்டு, அவ்வரம்புகள் இங்கும் உண்டு என்று நம்புவோர் மாணவர்களிடையே உள்ளனர்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வேறு வகை. மாதம் 1,000 ரூபாய் பெற, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருப்பதோடு, ஐந்து ஏக்கர் நன்செய் அல்லது பத்து ஏக்கர் புன்செய் என்ற நில வரம்பும், ஆண்டுக்கு 3,600 யூனிட் என்ற மின்சார வரம்பும் வைக்கப்பட்டன. சொந்தக் கார் உள்ள குடும்பத்துக்கு இல்லை. அங்கே மகனுக்கு வந்த பாட்டன் நிலம் தாயின் தொகையை நேரே பாதிக்கக்கூடும். வீட்டார் யார் என்பதைக் குடும்ப அட்டை தீர்மானிக்கிறது. பொருளைக் கண்டு அளக்கும் முறையும் வருமானத்தைக் கேட்டு அளக்கும் முறையும் இரண்டுமே குறையுடையவை. முன்னதில் பழைய காரொன்றை வாரிசாகப் பெற்றவனும் அகப்பட்டுக்கொள்வான். பின்னதில் சம்பளச்சீட்டு இல்லாத செல்வன் தப்பிவிடுவான்.

நடைமுறையில் அம்மகள் செய்யத்தக்கவை அதிகம் இல்லை. பங்கைத் தன் பெயரிலுள்ள தனிக் கணக்கில் போடவேண்டும். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று தாயின் கணக்கு வழியே அனுப்பினால், உதவி வந்து சேரும் அதே கணக்கில் 20,000 ரிங்கிட் தோன்றி, பின்னர் விளக்கம் தேடவேண்டிவரும். பகிர்வு ஆணை, சேமநிதிக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை வீட்டுக்கு வரும் அதிகாரியிடம் காட்ட எடுத்துவைக்கவேண்டும். பணம் எங்கிருந்து வந்தது, ஒருமுறை மட்டும் வந்தது என்பதற்கு அவையே சான்று. வீட்டு நிலைமை மாறினால் மறுஆய்வு வரும்வரை காத்திராமல் தாய் துறைக்குத் தெரிவிப்பது நல்லது. உயர்கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதும் கேட்கப்படுவது குடும்ப வருமானமே, எஸ்.டி.ஆர். பெறும் குடும்பத்துப் பிள்ளை முழுக் கடன்தொகைக்குத் தகுதி பெறுகிறார். ஆகவே தாயின் எஸ்.டி.ஆர். பதிவு ஒழுங்காக இருப்பது மகளின் படிப்புக்கும் வேண்டியதாகிறது.

14 வயது மாணவனின் படிவத்துக்கு வருவோம். மாத வருமானம் கேட்கும் கட்டத்தில் தாயின் தையல் வருமானத்தை எழுதவேண்டும். சொக்சோ ஓய்வூதியம் வந்தால் அதையும், அறை வாடகையோ மகள் தரும் மாதப்பணமோ வந்தால் அவற்றையும் சேர்க்கவேண்டும். அக்காளுக்கு வந்த 20,000 ரிங்கிட்டை அந்தக் கட்டத்தில் எழுதவேண்டியதில்லை. ஆசிரியர் கேட்டால் வாயால் சொல்லலாம்.